பொம்மைக் காரும் அரிசிப் பானையும்

இரண்டு வருஷங்களுக்கு முன்னால் இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒரு படைப்பு எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதுதான் அதன் தரத்துக்கு அளவுகோல் என்று, தேவைக்கு மேல் உரத்த குரலில், சில வாக்கியங்கள் எழுதியிருந்தேன். அவற்றில் பாதியை இப்போது வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது. வாபஸ் வாங்க வைத்தது ஒரு நாவலாகவோ கவிதைத் தொகுதியாகவோ இருந்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். இரண்டு டெலிவிஷன் தொடர்கள். ஒன்று ஜப்பானியத் தொடர், மற்றது கொரியத் தொடர். இரண்டும் 2025-ல் வந்தவை. இரண்டையும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, செல்போனின் சின்னத் திரையில், ஆங்கிலத் துணைவரிகளோடு பார்த்தேன். டெலிவிஷன் தொடர் என்ற சொல்லே நம் வட்டத்தில் ஒரு வசைச்சொல் என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த வசையில் என் பங்கும் உண்டு.

ஆரம்பித்து வைத்தது பாங்க் வேலை. சங்கத்து நண்பர் ஒருவர், "நம்ம பொழப்பை ஜப்பான்காரன் எடுத்திருக்கான் சார், பாருங்க" என்று 2013-ல் டோக்கியோவின் டி.பி.எஸ். நிலையம் ஒளிபரப்பிய 'ஹன்ஸாவா நவோகி'யைப் பார்க்கச் சொன்னார். மூலக்கதை எழுதிய இகெய்தோ ஜுன் பாங்க்கில் வேலை பார்த்து வெளியேறியவர். ஒஸாகாக் கிளையில் கடன் பிரிவு அதிகாரி ஒருவன். மேலாளர் அவசரப்படுத்திக் கொடுக்க வைத்த ஐம்பது கோடி யென் கடன் மூழ்கிப் போகிறது. பழி கீழே இருப்பவன் தலையில். இதுவரை எனக்கு எதுவும் அந்நியமாக இல்லை. இதற்குப் பிறகு வருவது கூத்து. கண்கள் பிதுங்குகின்றன, முகங்கள் திரை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கின்றன, வாங்கியதை இரட்டிப்பாகத் திருப்பித் தருவேன் என்று நாயகன் சபதம் செய்கிறான், கடைசியில் பெரிய அதிகாரி ஒருவர் எல்லார் முன்னிலையிலும் தரையில் மண்டியிட்டுத் தலை கவிழ்கிறார். அந்த அதிகாரியாக வரும் ககாவா தெருயுகி கபுகி மேடைக்கும் உரியவர் என்று பிறகு தெரிந்தபோது நான் ஆச்சரியப்படவில்லை. கடைசி அத்தியாயத்துக்கு டோக்கியோ வட்டாரத்தில் பார்வை விகிதம் 42.2 சதவீதம். மறுநாள் ஆபீஸில் யாரும் யாரிடமும் மண்டியிட்டிருக்க மாட்டார்கள். எனக்குப் பிடித்தது கடைசி நிமிஷம். ஜெயித்தவனைத் தலைவர் கூப்பிட்டு, துணைக் கம்பெனி ஒன்றுக்கு மாற்றல் என்கிறார். கூத்து முடிந்து மாற்றல் ஆர்டர் வருகிற அந்த ஒரு நிமிஷத்துக்காகப் பத்து அத்தியாயங்களையும் மன்னிக்கலாம்.

அதன்பின், கைக்கு வந்ததை எல்லாம் இரண்டு அத்தியாயம் வரை பார்ப்பது என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். பெரும்பாலானவை அந்த விதியைக்கூடத் தாங்கவில்லை. முதலாளி வீட்டு வாரிசு, ஏழைப் பெண், மழை, ஒரு குடை. பெயர் சொல்லிப் பக்கத்தை வீணாக்க விரும்பவில்லை. கிம் வொன்-ஸொக் 2014-ல் இயக்கிய 'மிஸேங்' மட்டும் வேறு. 'பாதுக்' என்ற காய் ஆட்டத்தில், பிழைத்ததாகவும் சொல்ல முடியாத செத்ததாகவும் சொல்ல முடியாத காய்க்கூட்டத்துக்கு அந்தப் பெயர். ஆட்டத்தில் தேறாமல் போன பையன் ஒரு வியாபாரக் கம்பெனியில் ஒப்பந்த ஊழியனாகச் சேர்கிறான். இருபது அத்தியாயம் உழைத்தும் நிரந்தரமாவதில்லை. அந்த வருஷக் கடைசியில், ஒப்பந்த வேலைக் காலத்தின் வரம்பை இரண்டு வருஷத்திலிருந்து நான்காக நீட்டக் கொரிய அரசு யோசனை சொன்னபோது, ஜனங்கள் அதற்கு அந்தப் பையனின் பெயரையே வைத்தார்கள், ஜாங் கு-ரே சட்டம் என்று. ஒரு பாத்திரத்தின் பெயர் போய் ஒரு சட்டத்தின் முதுகில் ஒட்டிக்கொள்வது, விமர்சகன் எவனும் கொடுத்துவிட முடியாத அங்கீகாரம். அந்த கிம் வொன்-ஸொக்கின் பெயரை நம்பித்தான் கொரியத் தொடருக்குப் போனேன். கொரே-எடா ஹிரோகாஸுவின் பெயரை நம்பி ஜப்பானியத் தொடருக்கு.

ஜப்பானியத் தொடரின் பெயர் 'அஷுரா நோ கோதோகு', அதாவது அசுரரைப் போல. நம் அசுரர்தான். பௌத்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் போனவர். வெளியே தர்மமும் நியாயமும் பேசிக்கொண்டு உள்ளே சந்தேகமும் சண்டையுமாக இருப்பவர் என்பது அங்கே அவருக்கு வாய்த்த குணம். எழுதியவர் முகோதா குனிகோ. என்.எச்.கே. இதை 1979-லும் தொடர்ந்து 1980-லுமாக வதா பென்னின் இயக்கத்தில் ஒளிபரப்பியது. துருக்கிப் படைகளின் அணிவகுப்பு இசையை முகப்பு இசையாக வைத்திருந்தார்கள். ஒரு நடுத்தரக் குடும்பத்துச் சமாச்சாரத்துக்குப் போர் முரசு! முகோதா 1980-ல் நவோகி பரிசு பெற்றார். அடுத்த வருஷம் தைவானில் விமான விபத்தில் ஐம்பத்தோராவது வயதில் இறந்தார். டெலிவிஷனுக்கு எழுதிப் பிழைத்து, அதிலேயே தன் எழுத்தின் உச்சத்தையும் எட்டியவர். இப்படி ஒருவர் இருக்க முடியும் என்பதை நம்மில் பலர் கொள்கையளவில்கூட ஒப்புக்கொள்ள மாட்டோம். கொரே-எடா அதே கதையை, 1979-ஆம் வருஷத்திலேயே நிறுத்தி, ஏழு அத்தியாயங்களில் மறுபடி எடுத்திருக்கிறார்.

நான்கு சகோதரிகள். எழுபதை எட்டிய அப்பாவுக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு, அங்கே ஒரு பையனும் இருக்கிறான் என்று மூன்றாமவள் துப்பறிபவன் ஒருவனை வைத்துக் கண்டுபிடிக்கிறாள். நான்கு பேரும் கூடுகிறார்கள். புது வருஷத்துக்குப் படைத்துக் காய்ந்து வெடித்துப் போன அரிசி மாவுக் கட்டியை உடைத்துப் பொரித்துத் தின்றுகொண்டே பேசுகிறார்கள். அந்த வெடிப்பு அம்மாவின் குதிகாலில் உள்ள வெடிப்பு மாதிரி இருப்பதாக ஒருத்தி சொல்கிறாள். அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று முடிவாகிறது. அம்மாவுக்கு எல்லாம் முன்பே தெரியும். பார்க்கிற நமக்கு அது எப்படித் தெரிகிறது? அவள் பிள்ளைப் பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே புருஷனின் கோட்டைத் தட்டி எடுத்து வைக்கிறாள். பையில் ஒரு பொம்மைக் கார். யாருடைய விளையாட்டுச் சாமான் என்று விளக்க வேண்டியதில்லை. பாட்டு நிற்கிறது. அந்தச் சின்னக் காரை எடுத்து, காகிதம் ஒட்டிய இழுகதவில் ஓங்கி எறிகிறாள். கதவில் ஓட்டை. மறுபடி பழைய அம்மா. பிறகு ஒருநாள், அந்த இன்னொரு பெண்ணின் வீட்டுக்கு எதிரே தெருவில் தனியாக நின்றுகொண்டிருந்தவள் அங்கேயே மயங்கி விழுகிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருவதில்லை.

இதைப் பார்த்ததும் என் பழைய கட்டுரைக்கு இதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது என்று சந்தோஷப்பட்டேன். பார், ஒரு வார்த்தை இல்லை, ஒரு பொம்மைக் கார், போதும், இதுதான் ஜப்பான். நண்பர் ஒருவருக்கு இப்படியே எழுதியும் விட்டேன். அவர் ஓஸுவின் பக்தர். அவரும் ஆமோதித்து, மௌனம், வெறுமை, ஒரு சொட்டு மை என்றெல்லாம் நாம் வழக்கமாகச் சொல்கிற பதங்களில் பதில் எழுதினார். கடிதத்தை மடித்து வைத்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. அந்தக் காட்சியில் எங்கே மௌனம் இருக்கிறது? ஒருத்தி சாமானைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறாள் ஐயா. ஏழு அத்தியாயங்களிலும் அந்த நான்கு பெண்களும் வாய் ஓய்வதில்லை. தின்கிறார்கள், பொருமுகிறார்கள், ஒருத்தியை ஒருத்தி குத்துகிறார்கள், டெலிபோனைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். முகோதாவுக்கு மௌனத்தின் மேல் எந்த மரியாதையும் கிடையாது. அது அழுகிப்போவதற்கு முன் யாராவது உடைக்க வேண்டிய பண்டம் என்பதுதான் அவர் எண்ணம்.

ஓஸுவும் அப்படித்தான். 1953-ல் வந்த 'டோக்கியோ கதை'யில் அம்மாவின் இறுதிச் சடங்கு முடிந்து சாப்பிட உட்கார்ந்த இடத்தில், மூத்த மகள் அம்மாவின் எந்த இடுப்புப் பட்டியும் எந்தக் கிமோனோவும் தனக்கு வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கிறாள். நாம் அந்தப் படத்தில் காலியான அறைகளையும் ரயில் சத்தத்தையும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மாளின் பட்டியலை ஒரு கட்டுரையிலாவது நாம் குறிப்பிட்டிருக்கிறோமா? ஜப்பானியன் மௌனி என்பது நாம் நம் தேவைக்குக் கட்டிக்கொண்ட ஐதீகம். நம் தெருவின் கூச்சலும் நம் பத்திரிகைகளின் கூச்சலும் தாங்காமல் எங்கோ ஒரு நிசப்தமான தேசம் இருப்பதாக நம்ப ஆசைப்பட்டோம். அந்த ஆசைக்கு ஒரு சரித்திர நியாயம் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஆசை அளவுகோல் ஆகிவிட்டது.

கொரே-எடாவிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. முகோதாவுக்கு 1979 நிகழ்காலம். அந்தப் பொம்மைக் கார் எந்தக் கடையிலும் கிடைத்த பொம்மைக் கார், அந்தக் கறுப்பு டெலிபோன் எல்லார் வீட்டிலும் இருந்த டெலிபோன். 2025-ல் அதே சாமான்கள் அரிய பொருட்காட்சிக்கு வந்துவிட்டன. ஒவ்வொரு கிமோனோவின் நெசவும், ஒவ்வொரு பாத்திரத்தின் மங்கலும், ஜன்னலில் விழும் குளிர்கால வெளிச்சமும் அவ்வளவு அழகு. இவ்வளவு அழகான வீட்டில் இருந்துகொண்டு இந்தப் பெண்கள் ஏன் இப்படிப் பொருமுகிறார்கள் என்று ஒரு கணம் தோன்றிவிடுகிறது. தோன்றக் கூடாது. அம்மாவாக வரும் மத்ஸுஸாகா கெய்கோ மாத்திரம் இந்த அழகுக்குள் அகப்படாமல் தப்பிக்கிறார். அவர் கை கோட்டுப் பைக்குள் போகும்போது அது ஒரு அம்மாவின் கைதான்.

இனி கொரியத் தொடர். பெயரிலேயே சிக்கல். ஜேஜு தீவின் வழக்கில் 'பொக்ஸாக் ஸொகத்சுதா' என்றால் ரொம்பவும் பாடுபட்டுவிட்டீர்கள் என்று பொருளாம். ஸியோல்காரன் காதில் அதுவே முழுக்க ஏமாந்து போனீர்கள் என்பது போல விழும். இரண்டு அர்த்தங்களும் கதைக்குப் பொருந்துகின்றன. ஆங்கிலத்தில் இதை எலுமிச்சம்பழப் பழமொழி ஒன்றை ஆரஞ்சாக மாற்றி ஒரு சிலேடையாக்கிவிட்டார்கள். ஜேஜு மொழி அழிவின் விளிம்பில் இருப்பதாக 2010-லேயே யுனெஸ்கோ அறிவித்துவிட்டது. நான் துணைவரி வழியாகப் பார்த்தவன். அந்தத் தீவின் பேச்சு என் கண்ணுக்கு வந்து சேரும்போது எல்லாரும் ஒரே ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தார்கள். பி.ஏ. ஆங்கிலம் படித்ததற்கு இதுதான் பலன் போலும். எழுதியவர் லிம் ஸாங்-சூன் என்ற புனைபெயர்க்காரர். பதினாறு அத்தியாயங்கள், 2025 மார்ச்சில் வாரத்துக்கு நான்காக, நான்கு பருவங்கள் போல வெளிவந்தன.

1951-ல் ஜேஜுவில் பிறந்த ஏ-ஸுன் கவியாக ஆசைப்படுகிறாள். அவள் அம்மா குவாங்-ரே மூச்சைப் பிடித்துக் கடலடியில் சிப்பி எடுக்கும் ஹேன்யோப் பெண்களில் ஒருத்தி. இருபத்தொன்பது வயதில் அந்த மூச்சே அவளைத் தின்றுவிடுகிறது. மீன் விற்கும் வீட்டுப் பையன் குவான்-ஷிக் ஏ-ஸுனைக் கட்டிக்கொள்கிறான். அவர்களின் மகள் கும்-ம்யோங் பெற்றோரின் கதையைச் சொல்கிறாள். அம்மாவின் இளவயதும் மகளும் ஒரே நடிகை, ஐயு. முதிய ஏ-ஸுன் மூன் ஸோ-ரி. எழுபது வருஷக் கதை இவ்வளவுதான். வில்லன் என்று சொல்லத்தக்கவன்கூட இரண்டாம் பாதியில் கோமாளியாகி மன்னிப்பு வாங்கிக்கொண்டு போய்விடுகிறான்.

இதில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது எண்ணிக்கை. தொடர் முழுக்க யாரோ எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சித்தப்பா வீட்டில் வளரும் சிறுமிக்குச் சாப்பாட்டில் மீன் இல்லை, மற்றவர்களுக்கு உண்டு. இதைக் கேட்டறிந்த குவாங்-ரே கொதித்துப் போவது மகளைக் கொடுமைப்படுத்தினார்கள் என்பதற்காக அல்ல, ஒரு மீன் குறைந்ததற்காக. அந்தச் சிறுமி எழுதும் கவிதையும் ஒரு கணக்குதான்: சிப்பிக்கு விலை கொடுத்து அம்மாவின் ஒரு நாளைத் தான் வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்கிறது அது. கல்யாணம் ஆன பிறகு, புருஷன் வீட்டில் ஆண்களுக்கு ஒரு மேசை, பெண்களுக்கு வேறு. ஆண்கள் மேசையில் உட்கார்ந்திருக்கும் குவான்-ஷிக் உடம்பை அப்படியே திருப்பிப் பெண்டாட்டியின் பக்கம் சாப்பிட ஆரம்பிக்கிறான். மகளை ஜப்பானுக்குப் படிக்க அனுப்ப வீட்டை விற்கிறார்கள். படகு வாங்கப் பணம் எங்கிருந்து வருகிறது? ஏ-ஸுனின் பாட்டி காலமெல்லாம் சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து. பாசம், தியாகம் என்ற சொற்களுக்குப் பதிலாக மீன், நாற்காலி, பத்திரம், நோட்டு. வங்கிக் குமாஸ்தாவுக்கு இது புரியாமல் போக முடியாது.

பாட்டியின் பணம் வந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். அன்றைக்கு மேலே பார்க்க முடியவில்லை. காரணத்தைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது நாணயமாகாது.

நான் இந்தக் கிளைக்கு வந்த புதிதில் ஒரு கிழவி வருவாள். ரப்பர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வருவாள், எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டாள். தன் சாவுச் செலவுக்கென்று ஒரு டெபாசிட் போட்டிருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வரும்போது கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளைப் பற்றி நான் எழுதிய கவிதை இந்தப் பத்திரிகையில் வந்தது. பதினோரு வரி. கம்பியைப் பிடித்த கை, ரசீது, வெயில், வாசலில் ஒரு ஜோடி செருப்பு. அவள் ஒன்றும் பேசவில்லை. அந்தப் 'பேசாமை' நன்றாக வந்திருப்பதாக நண்பர்கள் சொன்னார்கள். ஒருவர் அதைப் பற்றித் தனியாகவே ஒரு குறிப்பு எழுதினார். ஆனால் வாஸ்தவத்தில் கிழவி பேசாமல் இருந்ததே கிடையாது. பாடைக்கு இவ்வளவு, கோடித் துணிக்கு இவ்வளவு, மேளக்காரர்களுக்கு இவ்வளவு, குழி வெட்டுகிறவனுக்கு இவ்வளவு, பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு எத்தனை இலை, ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொல்வாள். வட்டி கூடினால் எதில் கூட்டிக்கொள்வது என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள். "மேளத்துல மட்டும் குறை வச்சுரக் கூடாது தம்பி" என்பாள். பின்னால் வரிசை நிற்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும். கவிதை எழுத உட்கார்ந்தபோது முதலில் அந்தத் தொகைகளைத்தான் வெட்டினேன். அவை கவிதைக்கு உதவாத சமாச்சாரம் என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவளிடமிருந்து அவளுடைய கணக்கைப் பிடுங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு மௌனத்தைக் கொடுத்திருக்கிறேன். அந்த மௌனம் என்னுடையது. வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தவன் நான்தான்.

லிம் ஸாங்-சூனைத் தூக்கிப்பிடிக்க இவ்வளவும் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தொடரின் குறைகள் சிறியவை அல்ல. மகளின் குரல் பின்னணியில் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. திரையில் ஒருவன் செய்து முடித்ததை அது மறுபடி வாய்வழியாகச் செய்கிறது. ஹரிகதைக்காரர் பாட்டு முடிந்ததும் தாத்பர்யம் சொல்வாரே, அந்த மாதிரி. அதில்லாவிட்டால் இசை வந்து தோளில் கை போடுகிறது. குவான்-ஷிக் ஒரு குறையும் இல்லாத மனிதன். குறையில்லாத மனிதன் நோயில் சாகும்போது அழுவது சுலபம், அந்தச் சுலபத்தை நான்காவது பருவம் முழுக்கப் பயன்படுத்திக்கொண்டது. ஏ-ஸுனின் கவிதைகள் புஸ்தகமாக வருவது, அதைப் படிக்கும் பதிப்பகப் பெண்மணிக்கு இறந்த அம்மாவின் முகமே வாய்த்திருப்பது எல்லாம் வரவேண்டியவை எல்லாம் வந்து சேரும் கல்யாண வீட்டுப் போட்டோ. நான் அழுதேன் என்பதை மறைக்கவில்லை. அழுததை வாதமாக வைக்கவும் இல்லை. கண்ணீர் எல்லாவற்றுக்கும்தான் வருகிறது.

ஆனால் அதே தொடரில் அரிசிப் பானை இருக்கிறது. சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த ஜோடி வாடகை வீட்டில் கஷ்டப்படும் நாட்கள். பானையில் அரிசி தீர்ந்துகொண்டு வருகிறது. வீட்டுக்காரக் கிழவரும் கிழவியும் யாருக்கும் தெரியாமல் அதில் அரிசியைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். கேட்கவில்லை, சொல்லவில்லை. எண்ணிப் போட்டார்கள் என்றும் எண்ணாமல் போட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. மௌனம் என்று நாம் காலமெல்லாம் தேடியது இந்தச் சத்தக்காடான கொரியத் தொடரின் ஒரு மூலையில் கிடக்கிறது. மௌனத்துக்குப் பேர்போன ஜப்பானிலோ ஒரு பொம்மைக் கார் கதவைக் கிழித்துக்கொண்டு போகிறது. பானைக்குள் அரிசி விழும் காட்சி ஏன் தைக்கிறதென்றால், அதற்கு முன்னால் அந்த வீட்டில் எவ்வளவு அரிசி இருந்தது என்று நமக்குத் தெரியும். முன்னால் எண்ணிக் காட்டியிருக்காவிட்டால் பின்னால் சொல்லாமல் விட்டதற்கு எடை ஏது? என் பழைய கட்டுரையில் நான் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன்.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, எண்ணுவது குமாஸ்தாவின் வேலை, கவிஞனின் வேலை அல்ல என்று ஒரு நண்பர் சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எண்ணுவதைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு, எண்ணாமல் விட்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அது அந்த நண்பருக்குப் பதிலாகுமா, எனக்கே எதிராகுமா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

ஜேஜுவில் 1947 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொடங்கி, 1948 ஏப்ரல் 3 எழுச்சிக்குப் பிறகு உக்கிரமாகி, 1954 செப்டம்பர் வரை நீடித்தது ஒரு சங்காரம். கொல்லப்பட்டவர்கள் 25,000-லிருந்து 30,000 பேர் என்பது மதிப்பீடு. தீவின் ஜனத்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கலகக்காரரை ஒடுக்குகிறோம் என்று ராணுவமும் போலீசும் கிராமம் கிராமமாக எரித்தார்கள். இதைப் பற்றி வாயைத் திறப்பதே பல பத்தாண்டுகளுக்குக் குற்றமாக இருந்தது. ஹ்யோன் கி-யோங் 1978-ல் 'ஸுனி ஸம்சோன்' என்ற கதையை எழுதியதற்காகக் கைதாகிச் சித்திரவதைக்கு ஆளானார். அரசு ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டு, ஜனாதிபதி மன்னிப்புக் கேட்க 2003 ஆயிற்று. ஹான் காங்கின் 2021 நாவல் இதைத்தான் தோண்டுகிறது. ஏ-ஸுன் பிறந்தது 1951-ல், அதாவது எரிந்துகொண்டிருந்த காலத்தில். குவாங்-ரே 1948-ல் பதின்வயதுப் பெண்ணாக இருந்திருக்க வேண்டும். அவள் பிறந்த வீட்டில் யார் மிஞ்சினார்கள், யார் மிஞ்சவில்லை? ஒரு மீன் குறைந்ததற்குக் கணக்குக் கேட்கும் தொடர், இதை நிகழ்ச்சியாக எங்கும் தனக்குள் வரவிடவில்லை. முதல் பருவத்தை இரண்டாம் தடவை இதற்காகவே பார்த்தேன். கடல், காற்று, கறுப்புக் கல் சுவர், மஞ்சள் பூத்த வயல்.

இதைச் சொல்லாமல் விட்டதன் ஆழம் என்று யாராவது எழுதுவார்கள். இரண்டு வருஷம் முன்பாக இருந்தால் நானே எழுதியிருப்பேன். இது ஆழம் அல்ல, விடுபட்டது. லிம் ஸாங்-சூன் ஏன் விட்டார் என்பதற்கு வியாபாரக் காரணம் இருக்கலாம், தன் கதை தாங்காது என்ற நியாயமான பயம் இருக்கலாம். ஆனால் பார்க்கிறவனுக்கு ஒரு வித்தியாசம் தெரிய வேண்டும். அரிசிப் பானையில் சொல்லாமல் விட்டது நமக்குத் தெரிந்த ஒன்று. இங்கே சொல்லாமல் விட்டது, வெளியே போய்ப் படித்தால் ஒழிய நமக்குத் தெரியவே போவதில்லை. இரண்டையும் நாம் மௌனம் என்ற ஒரே பெயரால் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த ஒரு பெயர்க் குழப்பத்தில் நம் விமர்சனம் எத்தனை நல்ல படைப்புகளை அடகு வைத்தது, எத்தனை சோம்பேறித்தனங்களை மீட்டுக்கொண்டு வந்தது என்று தனியாக ஒரு கணக்கு எடுக்க வேண்டும். என் கவிதை அதில் முதல் வரியாக இருக்கட்டும்.

பத்திரிகையில் வந்த கவிதைகளைத் தொகுத்துப் புஸ்தகமாகக் கொண்டுவரும் ஏற்பாடு நடக்கிறது. அந்தப் பதினோரு வரிகளைச் சேர்க்க வேண்டாம் என்று ஆசிரியருக்கு எழுதியிருக்கிறேன். திருத்தித் தரலாமே என்று அவர் பதில் எழுதினார். திருத்தலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன். கிழவி சொன்ன தொகைகளில் எனக்கு இரண்டுதான் ஞாபகம் இருக்கிறது. கோடித் துணிக்கு எண்ணூறு, மேளத்துக்கு நாலாயிரம். மற்றவை போய்விட்டன. அவளிடம் கேட்கவும் முடியாது, அவள் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. நாமினியாகப் போட்டிருந்த தங்கை மகன் சாவுச் சான்றிதழோடு வந்தான். படிவத்தைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கி, வட்டி போட்டுக் கணக்கை முடித்துக் கொடுத்தது நான்தான். வரிசை நீளமாக இருந்தது. மேளம் வைத்தார்களா என்று அவனிடம் கேட்கவில்லை.